பஸ்ரியனின் படகில் மூன்றாவது இடம்

பஸ்ரியனின் படகில் மூன்று பேர்தான் இருக்கலாம். ஒருவன் பஸ்ரியன்; படகு அவனுடையது. மற்றவள் செலீன், பஸ்ரியன் அவளுடையவன். மிச்சம் இருப்பது ஓர் இடம். அதில் செலீனின் தம்பி மரியோ பல கோடைகாலம் குந்தியிருந்தான். தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசியில் அவனுக்குக் கல்கரியில் வேலை கிடைத்தது. மல்வேர்னில் அந்த ரவுன்ஹவுஸ் தொடர்வீட்டு வரிசையில் இருந்தவர்கள் "மரியோவுக்கு நல்ல காலம்" என்று வாயால் வாழ்த்தினார்கள். வாழ்த்தியவர்களில் இரண்டு பேருக்கு மனம் முழுக்கப் படகின் அந்த மூன்றாவது அலுமினியப் பலகையில் இருந்தது.

முதலாமவர் நவரட்ணம். எயார்போர்ட்டில் ராக்ஸி ஓடுகிறவர், எதையும் பெரிதாக வாங்குகிறவர். அவர் வாங்கிய ரிவி உள்ளே போவதற்காக முன்கதவைக் கழற்றினார்கள். அவருடைய மனைவி தவமணி அந்தக் கதையை இன்றைக்கும் பெருமையாகச் சொல்லுவாள், கதவு இப்போதும் சரியாகப் பூட்டுப்படாது என்பதை மட்டும் விட்டுவிட்டு.

இரண்டாமவரை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. பிளாசாவில் தமிழ்க் கடையில் காசு மேசையில் நிற்கும் ஜெயமலர். ஸ்ரீஸ்கந்தராசாவின் மனைவி. வெள்ளிக்கிழமையில் மீன் சட்டியைக்கூடத் தொடமாட்டாள். அவளுக்கு என்னத்துக்குத் தூண்டில் என்று கேட்டால், அதற்கு முதல் வருஷத்து ஆவணிக்குப் போகவேண்டும்.

ஸ்குகொக் ஏரிக்கரையில் பிக்னிக். ஆண்கள் ஏரியைப் பார்த்துக்கொண்டும் பெண்கள் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். செலீன் மட்டும் படகுத்துறையில் நின்று தூண்டில் வீசிக்கொண்டிருந்தாள். இடையில் வோஷ்ரூமுக்குப் போகவேண்டி வந்ததும், "இதை ஒருக்காப் பிடியுங்கோ அக்கா" என்று தடியை ஜெயமலரின் கையில் திணித்துவிட்டு ஓடினாள். ஜெயமலர் வெங்காயக் கையோடு பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் தடி வழியாக ஏதோ ஒன்று அவளுடைய மணிக்கட்டில் தட்டியது. பிறகு இழுத்தது. பிறகு பச்சை முதுகும் வெள்ளை வயிறுமாகத் தண்ணீருக்கு மேலே பாய்ந்து, தலையை ஓர் உதறு உதறி, கொழுக்கியைத் துப்பிவிட்டுப் போய்விட்டது. பாஸ் மீன் என்று பிறகு சொன்னார்கள். செலீன் திரும்பி வந்தபோது ஜெயமலர் திறந்த வாய் மூடாமல் நின்றாள். அன்றைக்குச் சலாட்டில் வெங்காயம் இல்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்கக் கத்தரிக்காய் நிறுக்கும்போதும், சில்லறை எண்ணும்போதும், பஸ்ஸுக்குப் பனியில் நிற்கும்போதும் அந்தத் தட்டல் மணிக்கட்டில் வந்துவந்து போனது. இதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய விஷயமா? நாற்பத்தைந்து வயதில் ஒரு பெண், எனக்கு ஒரு மீன் ஞாபகமாகவே இருக்கிறது என்று சொன்னால், கேட்கிறவர்கள் முதலில் அவளுடைய புருஷனைத்தான் பார்ப்பார்கள்.

சித்திரையில் ஒருநாள், ட்ரெய்லரில் இருந்த படகைக் கழுவிக்கொண்டு நின்ற பஸ்ரியனிடம் நேரே போனாள்.

"தம்பி, இந்த முறை உதுக்கை நான் வாறன்."

பஸ்ரியன் மன்னார், பேசாலை ஆள். எஜின்கோர்ட்டில் கார் பாடிஷொப் வைத்திருக்கிறான். தண்ணீர்க் குழாயை நிறுத்தாமலே திரும்பினான்.

"நவரட்ணம் அண்ணையும் நேற்றுக் கேட்டவர் அக்கா."

"அவரிட்டை என்ன சொன்னனீ?"

"உங்களுக்குச் சொல்லப்போறதைத்தான். நான் போறது பாசிக்கையும் அல்லி இலைக்கையும். அதுக்கை மெல்லிய தங்கூசி நூல் நிண்டுபிடிக்காது. பெய்ற்காஸ்ரிங் தடியும் ரீலும்தான் வேணும். வாங்கினாலும் போதாது, எறியத் தெரியவேணும். மரியோ பழகாமல் எறிஞ்சு எங்கை கொழுவினவன் எண்டு பாருங்கோ." காதை மடித்துக் காட்டினான். மடலில் ஒரு தழும்பு இருந்தது. "ஜூன் கடைசிச் சனி பாஸ் சீசன் திறக்குது. அதுக்கு முதல் ஞாயிறு பள்ளிக்கூட மைதானத்திலை ரெண்டு பேரும் எறியுங்கோ. ஆர் சிக்குப்படாமல் எறியிறியளோ, அவைக்கு இடம்."

"அண்ணைக்கு ஒண்டும் எனக்கு ஒண்டும் எண்டு சட்டம் வையாதை."

"என்ரை மற்றக் காது எனக்கு வேணும் அக்கா. ஒரே சட்டம்தான்."

சரி, இந்தப் பெய்ற்காஸ்ரிங் என்ற சாமான் என்ன என்றால், சாதாரண ரீல் தடிக்குக் கீழே தொங்கும். எறிந்தால் நூல் தன்பாட்டில் கழன்று போகும். இது தடிக்கு மேலே ஏறியிருக்கும். எறியும்போது நூல் சுற்றிய உருளையே சுழலும். பெருவிரலை அதன்மேல் வைத்து, விட்டும் பிடித்தும் அடக்கவேண்டும். அடக்காவிட்டால் தூண்டில் நின்ற பிறகும் உருளை நிற்காது. ஒரு நொடியில் முழுத் தங்கூசியும் குருவிக்கூடாகிவிடும். அதைப் பிரித்தெடுக்கும்போது, பக்கத்தில் பிள்ளைகள் நிற்கக்கூடாத சொற்கள் வாயில் வரும்.

ஸ்ரீஸ்கந்தராசாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அதுதான் ஆபத்து. பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் சுப்பவைசராக இருப்பவர் அவர். எந்தச் சாமான் வாங்குவதென்றாலும் முதலில் விசாரிக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அன்றிரவே பார்க்டேலில் இருக்கும் மச்சானுக்கு ரெலிபோன் எடுத்தார். மறுநாள் எஜின்கோர்ட் சிநேகிதனுக்கு. பிறகு வேலையிடத்தில் ஏழெட்டுப் பேருக்கு. இவர்களில் ஒருவர்கூட வாழ்நாளில் மீன் பிடித்ததில்லை. அபிப்பிராயம் இல்லாதவரும் ஒருவர்கூட இல்லை.

"எல்லாரும் ஒண்டைத்தான் சொல்லீனம்," என்றார் அவர். "பெரிசா எடு. பிறகு மாத்தத் தேவையில்லை."

இந்த நியாயத்தால்தான் அந்த வரிசையில் எல்லாப் பிள்ளைகளும் முழங்காலைத் தாண்டும் ஜக்கெற்றோடு பள்ளிக்கூடம் போனார்கள்.

"தடி வளராது, நானும் வளரமாட்டன்," என்றாள் ஜெயமலர். "பெரிசு என்னத்துக்கு?"

"பெரிய மீன் வந்தால்?"

"வரட்டும். வந்தால் ரெண்டு பேருமா இழுப்பம்."

நவரட்ணம் அதற்குள் வாங்கிவிட்டார். வாசலில் வைத்துத்தான் பிரித்தார். உள்ளே பிரித்தால் யாருக்குத் தெரியும்? எட்டடித் தடி, விரல் தடிப்பு, இரத்தச் சிவப்பு. பொன்நிறத்தில் ஒரு ரீல், அரைத் தேங்காயளவு. கடலில் சுறாவுக்கு எடுத்துப் போகலாம். "கடையிலை இருந்ததிலை இதுதான் பெரிசு" என்று அவர் சொன்னபோது, ஸ்ரீஸ்கந்தராசாவின் முகத்தில் ஓடிய ஏக்கத்தை ஜெயமலர் கண்டாள். கண்டதும் தீர்மானித்தாள். கடைக்கு அவர் வரலாம், தடியைத் தொடுவது நான்தான்.

கடை கிங்ஸ்ரன் வீதியில் கிழக்கே இருந்தது. புழு விற்கும் குளிர்ப்பெட்டிக்கும் பாடம் பண்ணிய மான் தலைக்கும் நடுவில், கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஒரு வெள்ளைக்காரி நின்றாள். எங்கே மீன் பிடிக்கப் போகிறீர்கள், முன்பு பழக்கம் உண்டா என்று ஜெயமலரிடம் கேட்டாள். இரண்டுக்கும் ஸ்ரீஸ்கந்தராசா பதில் சொன்னார். அவள் அவருக்கு ஒரு புன்சிரிப்பைக் கொடுத்துவிட்டுத் தடிகளை ஜெயமலருக்குக் கொடுத்தாள்.

முதலாவது ஏழடிக்கு மேலே, மரம்போல நின்றது. ஜெயமலர் மேலும் கீழும் ஓர் ஆட்டு ஆட்டினாள். நாள் முழுக்க அரிசி மூட்டை நகர்த்திய மணிக்கட்டு உடனே முறையிட்டது. திருப்பிக் கொடுத்துவிட்டாள். அடுத்தது ஈர்க்குப்போல வளைந்தது. இதைக் கொண்டு அல்லி இலைக்குள்ளிருந்து என்னத்தை இழுப்பது? அதையும் கொடுத்தாள். மூன்றாவது ஆறரை அடி. நுனி மட்டும் நெளிந்தது, அடி இறுக்கமாக நின்றது. கண்ணை மூடி ஆட்டிப் பார்த்தாள். தடி இருக்கிறது என்ற நினைப்புக் கையை விட்டுப் போனது.

"இது," என்றாள்.

"பொறு, அந்தக் கறுப்பையும் ஒருக்கா..."

"இஞ்சாருங்கோ. இது."

ரீலும் அதற்கு ஏற்றதாக, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒன்று. பக்கத்தில் ஒரு சில்லு இருந்தது. அதைத் திருப்பினால் உள்ளே காந்தம் உருளையைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், பழகுகிறவர்களுக்கு நல்லது என்றாள் கடைக்காரி. பிறகு கடைசிக் கேள்வியைக் கேட்டாள். ரீலைச் சுற்றும் கைபிடி எந்தப் பக்கம் வேண்டும், வலமா, இடமா?

ஜெயமலர் வாயைத் திறக்க முதல் ஸ்ரீஸ்கந்தராசா பாய்ந்தார். "வலம், வலம்." பிறகு தமிழில், குரலைத் தாழ்த்தி, "நாலு பேர் பாக்கிற இடத்திலை இடக்கையாலை சுத்திக்கொண்டு நிக்கேலாது."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. ஜெயமலரின் பிறவிக் கை இடக்கை. சின்ன வகுப்பில் புறங்கையில் விழுந்த ரீச்சரின் அடிமட்டம் எழுத்தை வலக்கைக்கு மாற்றியது. காசு மேசையில் சில்லறை கொடுப்பதும், கோயிலில் விபூதி வாங்குவதும், வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் நீட்டுவதும் வலக்கையால்தான். ஆனால் குசினியில் தனியே நிற்கும்போது கத்தி தானாகவே இடக்கைக்குப் போய்விடும். வரிசையில் இது எல்லோருக்கும் தெரியும். தெரியாததுபோல இருப்பது மரியாதை. ஆகவே கடைக்காரி "நீங்கள் இடக்கைக்காரியா?" என்று கேட்டபோது, ஜெயமலர் கொஞ்சமும் கூசாமல் "நோ" என்றாள். அப்படிச் சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம்.

வலப்பக்கக் கைபிடியோடு வீடு வந்தார்கள்.

வைகாசி முழுக்க அவள் பின்புறப் புல்தரையில் எறிந்தாள். கொழுக்கிக்குப் பதிலாக ஒரு ரப்பர்க் கட்டி. வலக்கையால் எறிவாள், தடியை இடக்கைக்கு மாற்றுவாள், வலக்கையால் சுற்றுவாள். அப்படித்தான் கனபேர் செய்கிறார்கள் என்று செலீன் சொல்லியிருந்தாள். எறிவதற்கும் மாற்றுவதற்கும் நடுவில்தான் குருவிக்கூடு விழுந்தது. காந்தச் சில்லைத் திருப்பினாள், பெருவிரலை அழுத்தினாள், மெதுவாக எறிந்தாள், பலமாக எறிந்தாள். பத்து நிமிடம் எறிவதற்கு அரை மணி நேரம் சிக்கெடுத்தாள். வேலியின் மற்றப் பக்கத்தில் நவரட்ணத்தின் சிவப்புத் தடி ஆகாயத்தைக் கிழிக்கும் சத்தம் கேட்கும். பிறகு ஓர் அமைதி. பிறகு அவர் ஏதோ முணுமுணுப்பது. அங்கேயும் குருவி குடிவந்திருந்தது. அதுதான் ஒரே ஆறுதல்.

ஆனி பிறந்த கிழமை உருளை உரஞ்சி அவளுடைய வலப் பெருவிரல் தோல் எரிந்துபோனது. ஒட்டுத்துணி சுற்றினாள். சுற்றிய விரலுக்கு உருளை தெரியவில்லை. பின்னேரம் ஒருவரும் வெளியே இல்லை. ஸ்ரீஸ்கந்தராசா வேலையால் வரவில்லை. அவள் ஒருமுறை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். பிறகு தடியை இடக்கையில் எடுத்து எறிந்தாள்.

ரப்பர்க் கட்டி புல்லைத் தாண்டி, தக்காளிப் பாத்தியைத் தாண்டி, கடைசி வீட்டுக்காரரின் உடுப்புக் காயும் கம்பிக்குக் கீழே மெதுவாக இறங்கியது. இடப் பெருவிரல் தன் பாட்டில் உருளையை நிறுத்தியிருந்தது. சிக்கு இல்லை. அது மட்டுமில்லை, தடி இடக்கையிலேயே இருந்தது; கைபிடி வலக்கைக்கு நேரே காத்திருந்தது. கை மாற்றும் வேலையே இல்லை. வலக்கைதான் சுற்றவேண்டும் என்று புருஷன் பிடித்த பிடிவாதம் தடியைப் பேசாமல் இடக்கையில் கொண்டுவந்து வைத்திருந்தது.

ஜெயமலர் தனியே நின்று சிரித்தாள். பிறகு இருட்டும்வரை எறிந்தாள்.

ஆனால் மைதானத்தில்? சந்தோஷம் சோறு வடிக்கும்போதே வடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சில் பூசை முடிந்தவர்களும் கோயில் முடிந்தவர்களும் வேடிக்கை பார்க்க வருவார்கள். அத்தனை பேருக்கும் முன்னால் இடக்கையைத் தூக்குவதா? இவர் என்ன நினைப்பார்? வலக்கையால் எறிந்தால் மரியாதை இருக்கும், படகில் இடம் இருக்காது. இரவு புரண்டு படுத்தபோது மணிக்கட்டு அவளுக்கு ஆவணி மாதத்தை நினைவூட்டியது.

ஞாயிறு பின்னேரம் பஸ்ரியன் மைதானத்தில் ஒரு பழைய கார் ரயரைப் போட்டான். அதற்குள்ளோ கிட்டவோ விழவேண்டும். ஆளுக்கு ஐந்து எறி. பார்க்க வந்தவர்கள் தங்கள் தங்கள் கதிரைகளோடு வந்திருந்தார்கள். தவமணி ஒரு ஏனம் நிறையப் பருத்தித்துறை வடை கொண்டுவந்திருந்தாள். வெற்றி விழாவுக்கு என்று அவள் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை.

நவரட்ணம் முதலில் எறிந்தார். அந்தத் தடிக்கு ரப்பர்க் கட்டியின் கனம் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. முதல் எறி காலடியில் விழுந்தது. கோபத்தில் இரண்டாவது பள்ளிக்கூட வேலியில் ஏறியது. மூன்றாவதில் பொன் ரீலுக்குள் முழுத் தங்கூசியும் பொங்கி எழுந்தது.

"காத்து," என்றார் நவரட்ணம்.

"ஓமண்ணை, சரியான காத்து," என்றான் பஸ்ரியன். மைதானத்து ஓரத்தில் ஓர் இலையும் அசையவில்லை.

மிச்ச இரண்டும் ரயருக்கு அந்தப்பக்கம் எங்கேயோ போய், இன்னொரு கூட்டோடு முடிந்தன.

ஜெயமலர் போய் நின்றாள். தடி வலக்கையில் இருந்தது. முதல் எறி. உருளை உறுமியது, கூடு விழுந்தது. செலீன் ஓடிவந்து பிரித்துக் கொடுத்தாள். இரண்டாவது எறி. மறுபடி கூடு. கதிரைகளிலிருந்து "ஐயோ பாவம்" என்ற குரல்கள் எழுந்தன. "மீனெண்டால் சும்மாவே, அதுக்கும் ஒரு கை வேணும்" என்று நவரட்ணம் பொதுவாகச் சொன்னார். வடைத் துண்டு வாயில் இருந்தது.

ஒரு கை வேணும்தான். ஜெயமலர் தடியை இடக்கைக்கு மாற்றினாள்.

அவள் ஒருவரையும் பார்க்கவில்லை. பார்த்தால் கை திரும்பிவிடும் என்று தெரியும். எறிந்தாள். கட்டி நீளமாக, தாழ்வாகப் போய் ரயரின் விளிம்பில் தட்டி உள்ளே விழுந்தது. நான்காவது நேரே உள்ளே. ஐந்தாவது ஒரு சாண் தள்ளி. சிக்கு இல்லை.

"உது கணக்கில்லை!" நவரட்ணம் எழும்பிவிட்டார். "உவ இடக்கையாலை எல்லோ எறிஞ்சவ!"

"மீன் கையைப் பாத்தே கடிக்கிறது அண்ணை?" என்றாள் செலீன்.

"முறை எண்டு ஒண்டிருக்குப் பிள்ளை. இடக்கை..."

அப்போதுதான் ஸ்ரீஸ்கந்தராசா கதிரையிலிருந்து எழுந்தார். அவருடைய முகம் பழுத்துச் சிவந்திருந்தது.

"என்ன முறை?" என்றார். "அவ எந்தக் கையாலை சுத்தினவ? அதைச் சொல்லுங்கோ. வலக்கையாலைதானே? வேலை செய்யிறது சுத்திற கை. மற்றது சும்மா தடியைத் தாங்கிற கை. நான்தான் கடையிலை நிண்டு, வலப்பக்கக் கைபிடிதான் வேணுமெண்டு சொல்லி எடுத்தனான். கேட்டுப் பாருங்கோ."

"நீர் விசாரிச்சே எடுத்தனீர்?"

"பின்னை? ஒரு மாசம் விசாரிச்சனான்."

நவரட்ணம் திரும்பவும் கதிரையில் குந்தினார். பஸ்ரியன் ரயரை உருட்டிக்கொண்டு வந்தான். "சனி விடிய நாலரைக்கு வெளிக்கிடுறம் அக்கா. பிந்தினால் விட்டிட்டுப் போவன்." அவ்வளவுதான் தீர்ப்பு. தவமணியின் வடையை எல்லோரும் சாப்பிட்டார்கள். அதிகம் சாப்பிட்டது ஜெயமலர்.

வீட்டுக்கு நடந்து போகும்போது ஸ்ரீஸ்கந்தராசா மெல்லக் கேட்டார். "எப்ப இருந்து உப்பிடி எறியிறாய்?"

"விரல் எரிஞ்ச அண்டையிலிருந்து."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னால் என்ன சொல்லியிருப்பியள்?"

அவர் நேர்மையான மனிதர். "வேண்டாமெண்டுதான் சொல்லியிருப்பன்," என்றார்.

சனிக்கிழமை இரண்டு வாகனங்கள் போயின. பின்னால் போனதில் ஸ்ரீஸ்கந்தராசாவும், 'சும்மா காத்து வாங்க' வந்த நவரட்ணமும், ஒரு காஸ் அடுப்பும், தாச்சிச் சட்டியும், மஞ்சளும் மிளகாய்த்தூளும் இருந்தன. அவர்கள் இருவரும் கரையில் கதிரை போட்டு, தடி வாங்குவது எப்படி என்று ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஏரியில் பனிப்புகார் இன்னும் கலையவில்லை. பஸ்ரியன் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் துடுப்பால் தள்ளினான். அல்லி இலைகளின் ஓரம் வந்ததும் ஜெயமலரைப் பார்த்துத் தலையை ஆட்டினான். முதல் வீச்சில் பாசி வந்தது. இரண்டாவதிலும் பாசி. அதற்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டாள். இடக்கை வீச, வலக்கை சுற்ற, கறுப்பு ரப்பர்ப் புழு இலைகளின் நடுவே போய் இறங்க, அவளுக்குக் காசு மேசையும் இல்லை, பஸ்ஸும் இல்லை.

வெயில் ஏறும் நேரத்தில் தட்டியது. பிறகு இழுத்தது. தடியின் நுனி வளைந்தது, அடி வளையவில்லை. "நூலைக் குடுங்கோ அக்கா, குடுங்கோ, இப்ப இழுங்கோ!" என்று பஸ்ரியன் கத்தியது அவளுக்கு எங்கேயோ தூரத்தில் கேட்டது. பச்சை முதுகு இலைகளை விலக்கிக்கொண்டு வந்தது. பாய்ந்தது. தலையை உதறியது. இந்த முறை துப்பவில்லை.

செலீன் வலையால் அள்ளினாள். முழங்கை நீளம் இருக்கும். பஸ்ரியன் வாய்க்குள் பெருவிரல் கொடுத்துத் தூக்கிக் காட்டினான்.

"வடிவான சாமான். இஞ்சத்தையாக்கள் கனபேர் திருப்பி விட்டிடுவினம் அக்கா. விடுவமோ?"

ஜெயமலர் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "விடுறதுக்கோ ராசா நான் விரலை எரிச்சனான்? கரையிலை ரெண்டு பேர் எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு இருக்கினம். பெட்டியிலை போடு."

செலீன் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. பஸ்ரியன் மீனைப் பெட்டியில் போட்டு மூடி நிமிர்ந்தபோது, ஜெயமலர் புழுவைச் சரிபார்த்து முடித்து, அடுத்த வீச்சை வீசியிருந்தாள்.